படத்துக்கு விட்ட இடம்

எல்னா போனபிறகு எங்கள் ஊரில் ஒரு பாட்டுத் தாளும் உருப்படியாக அமைவதில்லை. போன மாதம் ஒரு வெள்ளிவிழா. மாப்பிள்ளையின் மூக்கின்மேல் மூன்றாவது சரணம் ஏறி உட்கார்ந்திருந்தது. பெண்ணின் படம் தனியாக அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போயிருந்தது. இருபத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களைத் தாளிலாவது பிரிக்காமல் வைக்கக் கூடாதா? எனக்கு வந்த கோபத்தில் பியானோவை வழக்கத்தைவிட வேகமாக வாசித்து, எல்லாரையும் மூச்சு வாங்க வைத்தேன்.

என் பெயர் பிரெபன். லிம்ஃபியோர்ட் என்ற கடற்கழியின் கரையில் இருக்கும் எங்கள் ஊரின் பொதுக்கூடத்தில் பியானோவும் அச்சு இயந்திரமும் என் பொறுப்பு. பியானோவில் சுருதி கொஞ்சம் பிசகும், இயந்திரத்தில் எல்லாமே பிசகும். இங்கே ஒருவருக்கு அறுபது வயது நிறைந்தாலும், கல்யாணமாகி இத்தனை வருடம் என்றாலும், விருந்தில் பாட்டு இருந்தாக வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டில் அந்த ஆளின் கதையை உறவுக்காரர்கள் எழுதுவார்கள். கிண்டல் கட்டாயம். அதைப் படங்களோடு அச்சடித்து, ரிப்பன் கட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் வைப்பார்கள். எண்பது பேர் சேர்ந்து பன்னிரண்டு சரணத்தையும் விடாமல் பாடுவார்கள். பாட்டுக்கு உரியவரும் முகம் சிவக்கச் சிவக்கச் சேர்ந்து பாட வேண்டும்.

அந்தத் தாள்களை முப்பது வருடத்துக்கு மேலாக அமைத்துக் கொடுத்தவள் எல்னா ஓஸ்டெர்பி. நானும் அவளும் அவள் புருஷன் ஐலரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அவள் அலுவலகச் செயலாளராகப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது ஆசிரியர்கள் எல்லாம் அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, உட்கார்ந்து வேர்டைக் கற்றுக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

ஒரு படத்தைப் பக்கத்தில் சொருகினால் வேர்ட் அதைச் சுற்றி ஒரு சதுரம் போட்டு, எழுத்தைச் சதுரத்துக்கு வெளியே நிறுத்திவிடும். நமக்கெல்லாம் அது போதும். எல்னாவுக்குப் போதாது. முதலில் ஆளுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் மரத்தையும் நீக்குவாள். பிறகு அந்த உருவத்தைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகளை வரவழைத்து, ஒவ்வொன்றாக இழுத்து வைப்பாள். காதுக்கு ஒன்று, மோவாய்க்கு இரண்டு, முழங்கை மடிப்புக்கு மூன்று. ஒரு ஆளுக்கு அறுபது எழுபது புள்ளி ஆகும். முடிந்ததும் பாட்டு வரிகள் அந்த ஆளின் தலையை ஒட்டி இறங்கி, தோளில் ஒதுங்கி, இடுப்பில் உள்ளே போய், பாதம் வரை வரும். தாளைக் கையில் வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. ‘என்னமோ அழகா இருக்கு’ என்பதோடு சரி.

“தையல்காரி மாதிரி இவ்வளவு மெனக்கெடணுமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உனக்குச் சட்டை ஒழுங்கா நிக்கலைன்னா நீ சும்மா இருப்பியா? அவங்க வாழ்க்கையில ஒரே ஒரு நாள் தாள்ல வர்றாங்க. அவங்கமேல உரசாம போகட்டும் எழுத்து” என்றாள்.

அவளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. தாளில் வெள்ளையாக இடம் கிடந்தால் அவளால் பொறுக்க முடியாது. படத்துக்குப் பக்கத்தில் வரி பற்றாமல் போனால் படத்தைப் பெரிதாக்குவது நம் வழி. அவள் உட்கார்ந்து இன்னொரு சரணம் எழுதிவிடுவாள். அந்தப் பழக்கம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

எல்னாவுக்கும் ஐலருக்கும் ஒரே பிள்ளை, டோரிட். கல்யாணமாகிப் பன்னிரண்டரை வருடம் ஆனால் இங்கே செம்புக் கல்யாணம் கொண்டாடுவோம். டோரிட்டுக்கும் அவள் புருஷன் கார்ஸ்டனுக்கும் அந்த விருந்து எங்கள் கூடத்தில்தான் நடந்தது. பெண்ணின் அம்மா என்ற முறையில் பாட்டும் எல்னாவினுடையதுதான். இரண்டாவது பக்கத்தில் டோரிட் எட்டு வயதில் படகுத்துறையில் ஒரு சிவப்புப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் படம். பெட்டியின் விளிம்பு, டோரிட்டின் சடை, தொங்கும் கால் எல்லாவற்றையும் சுற்றிப் புள்ளி வைத்து முடித்தபோது, கீழே நாலு வரிக்கு இடம் மிச்சம். எல்னா எழுதினாள்:

*சிவப்புப் பெட்டி அலமாரியில் சும்மாவா கிடந்தது?*
*போன கோடை பாதி வீடு அதற்குள்ளே நுழைந்தது!*
*போவதா இருப்பதா என்று மனசு கிடந்து அலைந்தது,*
*கார்ஸ்டன் சிரித்த சிரிப்பில் பெட்டி தானாய்த் திறந்தது!*

முந்தின கோடையில் டோரிட் புருஷனை விட்டுப் போக முடிவுசெய்து பெட்டி கட்டியிருக்கிறாள். பத்து நாள் யோசித்து, மறுபடி பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டாள். அதை அம்மாவிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தாள். எல்னாவைப் பொறுத்தவரை அது நல்லபடி முடிந்த கதை. நல்லபடி முடிந்ததை வைத்துத்தானே எங்கள் ஊரில் கிண்டல் செய்வோம்?

நான் பியானோவில் இருந்தேன். எண்பது பேரும் குடித்த உற்சாகத்தில் முழங்கிக்கொண்டிருந்தார்கள். கார்ஸ்டன் நல்ல குரல் உள்ளவன், வரியில் விரல் வைத்துப் பாடிக்கொண்டு வந்தான். இரண்டாவது வரியில் அவன் வாய் நின்றது. விரல் மட்டும் மூன்றாவது, நாலாவது வரிக்குப் போயிற்று. டோரிட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டாள் நான், அவன் வரியைத் தவறவிட்டுவிட்டான் என்று நினைத்து, எடுத்துக்கொடுப்பதற்காக இன்னும் ஓங்கி வாசித்தேன்.

கிறிஸ்துமஸுக்குள் கார்ஸ்டன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். ஜனவரியில் எல்னாவுக்கு ஒரு கடிதம் வந்தது. நானே படித்திருக்கிறேன், மூன்றே வரி. ‘என் பெட்டியை எண்பது பேர் முன்னால் திறந்து காட்டினாய் அம்மா. எனக்குப் போன் செய்யாதே. முடிகிறபோது நானே செய்கிறேன்.’

எல்னா அதற்குக் கட்டுப்பட்டாள். ஒன்பது வருடம் ஒருமுறைகூட அந்த எண்ணைத் தொடவில்லை, ஐலரையும் தொட விடவில்லை. பாட்டுத் தாள் வேலையை மட்டும் விடவில்லை. ஆனால் அதற்குப்பின் யாராவது பாட்டு கொண்டுவந்தால் ஒவ்வொரு சரணத்தையும் காட்டி, “இது அவங்களுக்குத் தெரியுமா? இதைப் பாடலாமா?” என்று கேட்டுக் கேட்டு அவர்கள் உயிரை வாங்கினாள்.

“நாலு வரி இடம் கிடந்தது பிரெபன்” என்றாள் என்னிடம் ஒருநாள். “வெறும் நாலு வரி. அப்படியே வெள்ளையா விட்டிருந்தா யாராவது என்னைக் கேட்டிருப்பாங்களா?”

அவள் என் முன்னால் அழுதது அந்த ஒரு தடவைதான்.

பிறகு எல்னா-ஐலர் கல்யாணத்துக்குப் பொன்விழா வந்தது. பொன்விழாப் பாட்டைப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும், அது இங்கே எழுதாத சட்டம். ஊரில் ஒருத்தருக்கும் வாய் சும்மா இருக்காது. கடையில் ரொட்டி வாங்கப் போன ஐலரைப் பிடித்துக்கொண்டு, “பாட்டு யார் எழுதறாங்க ஐலர்?” என்று கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் பால் லாரி ஓட்டியவன், நிமிர்ந்து நிற்கிற ஆள். “டோரிட்தான். வேற யார் எழுதுவா?” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். கேட்ட எல்லாரிடமும் அதையே சொன்னான்.

எல்னா என்னிடம் வந்து நின்றாள். “ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கான் இந்த மனுஷன். விடிகாலையில எல்லாரும் வாசல்ல வந்து நிப்பாங்க. பாட்டு இல்லைன்னா அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவான்?”

“நான் எழுதட்டுமா?” என்றேன்.

“நீ எழுதினா நீ எழுதினதாத்தானே இருக்கும். அவனுக்கு அவ பாட்டு வேணும் பிரெபன். எனக்கு வேண்டாம். நான் செஞ்சதுக்கு எனக்கு வேண்டாம். அவனுக்கு ஒரு காலை நேரம் வேணும், அவ்வளவுதான்.”

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘அப்பா அம்மாவின் பாட்டு இது. அறுபது பிரதி அடித்துக் கொடுக்கவும். வேலை இருப்பதால் வர முடியாது. டோரிட்.’ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. பிறகு கோப்பைத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் பால் லாரியின் முன்சீட்டில் ஐந்து வயது டோரிட், தலையில் அப்பாவின் தொப்பி. வரிகள் தொப்பியின் நுனியைச் சுற்றி வளைந்து, கன்னத்தை ஒட்டி, சட்டைக் காலரில் ஒதுங்கி இறங்கின. படத்தைச் சொடுக்கிப் புள்ளிகளை வரவழைத்து எண்ணிப் பார்த்தேன். எழுபத்திரண்டு. இந்த நாட்டில் தொப்பி நுனிக்கு ஐந்து புள்ளி வைக்கிறவள் ஒருத்திதான் உண்டு.

நான் வாயை மூடிக்கொண்டேன். அச்சடித்துக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அச்சில் படம் இரண்டாம் பக்கத்துக்குக் குதித்துவிட்டது. முதல் பக்கத்தில் பெரிய வெள்ளை ஓட்டை, இரண்டாம் பக்கத்தில் டோரிட் கல்யாண வாழ்த்து வரிகளை மிதித்துக்கொண்டிருந்தாள். படத்தை மேலே இழுத்தேன், எழுத்து சிதறியது. எழுத்தைச் சேர்த்தேன், படம் மறைந்தே போனது. இரண்டு நாள் அந்தச் சனியனோடு மல்லுக்கட்டினேன். அறுபது தாள் வீணாயிற்று. எங்கள் ஊரில் இதைச் சரிசெய்யத் தெரிந்தவள் ஒருத்தி. அவளிடம் மட்டும் கேட்கக் கூடாது.

மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன். ஐலர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான். எல்னா காபி ஊற்றினாள்.

“தேவாலயத்துப் பத்திரிகையில ஒரு படம் ஓடி ஓடிப் போகுது எல்னா” என்றேன். “முதல் பக்கத்துல வெச்சா இரண்டாம் பக்கத்துல போய் நிக்குது.”

அவள் காபிப் பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை. “என்ன படம்?”

“மணிக்கூண்டு.”

“மணிக்கூண்டா?”

“ஆமா. தொப்பி வெச்ச மணிக்கூண்டு” என்று என் பாழாய்ப்போன வாய் சொல்லிவிட்டது.

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

“உன் கம்ப்யூட்டர்ல அந்த எழுத்து வகை இருக்காது” என்றாள். “அதனால வேற எழுத்தைப் போட்டிருக்கும். அது அகலம். வரி நீண்டு, அந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். படம் எந்தப் பத்தியோட கட்டியிருக்கோ அதோடதான் போகும். படத்தைத் தொட்டா ஓரத்துல சின்னதா ஒரு நங்கூரம் தெரியும், பாத்தியா?”

“பாத்தேன். அது என்ன எழவுக்குன்னு தெரியலை.”

“அதைப் பிடிச்சு இழுத்துத் தலைப்புக்குப் பக்கத்துல கொண்டுபோய்க் கட்டு. தலைப்பு எங்கயும் ஓடாது. நான் அதை…” என்று நிறுத்தி, “அனுப்பினவங்க அதை முன்னாடியே செஞ்சிருக்கணும். பதட்டத்துல மறந்திருப்பாங்க” என்றாள்.

“மறந்திருப்பாங்க” என்றேன்.

“அதைச் செஞ்சவங்களைத் தப்பா நினைக்காத பிரெபன்.”

“ஒரு மணிக்கூண்டுக்காக யாரையாவது தப்பா நினைப்பேனா?”

வாசல்வரை வந்தவள் என் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அதற்குமுன் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

ஜூன் மாதம், காலை ஆறரை மணி. முந்தின நாளே அண்டை வீட்டார் சேர்ந்து ஃபிர் மரக் கிளைகளால் அவர்கள் வாசலுக்கு வளைவு கட்டி, நடுவில் பொன்னிறத்தில் ஐம்பது என்று வைத்திருந்தார்கள். இரண்டு டிரம்பெட், ஒரு டியூபா, என் அக்கார்டியன், அறுபது பேர். கணவனும் மனைவியும் தூங்குவதாக நடிக்க வேண்டும், நாங்கள் பாட்டுப் பாடி எழுப்ப வேண்டும். எல்னா விடிவதற்கு முன்பே ரொட்டி சுட்டு வைத்த வாசனை தெரு முழுக்க அடித்தது. கதவு திறந்தது. ஐலர் கோட்டு சூட்டில் நின்றான். அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். படம் தன் இடத்தில் இருந்தது. மூன்றாவது சரணம் வந்தது:

*பால் லாரி முன்சீட்டில் என் காலோ தரை தொடவில்லை,*
*பண்ணை பண்ணையாய்ப் போனோம், பகல் முழுதும் அலுக்கவில்லை,*
*அப்பா உங்கள் தொப்பி என் கண்ணை வந்து மறைத்தாலும்*
*அந்தச் சீட்டைப் போல் ஓரிடம் எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.*

ஐலர் பாடுவதை நிறுத்தினான். படத்தைப் பார்த்தான், வரிகளைப் பார்த்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பாட்டு முடிந்து எல்லாரும் கையிலிருந்த சின்னக் கொடிகளை ஆட்டிக் கத்தி முடித்தபிறகு, “டோரிட்டுக்குப் போன் போட்டு நன்றி சொல்லணும்” என்றான்.

எல்னா ரொட்டித் தட்டோடு நின்றாள். “வேணாம் ஐலர். இப்ப அவ வேலைக்குக் கிளம்பிட்டிருப்பா.”

அண்டை வீட்டுக்காரி விடவில்லை. “பாட்டு எழுதி அனுப்பின பொண்ணு அப்பா பேசினா எடுக்க மாட்டாளா? போடு ஐலர்!” அறுபது பேரும் கைதட்டினார்கள். எனக்கு அவர்களையெல்லாம் அக்கார்டியனால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

நடையில் இருந்த பழைய போனில் அவன் எண்ணைப் பார்க்காமலே சுழற்றினான். வாசலில் இருந்த எங்களுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. எல்னாவின் கையில் தட்டு சாய்ந்து, ரொட்டி ஒன்று உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“டோரிட்டா? அப்பா பேசறேம்மா… பாட்டு வந்தது… ரொம்ப நல்லா இருக்கு. எல்லாரும் பாடினாங்க…” பிறகு வெகுநேரம் போனைக் காதில் அழுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். “சரிம்மா. சரி. சொல்றேன். உடம்பைப் பாத்துக்கோ.”

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். “நல்லா இருங்கன்னு சொன்னா” என்றான் எல்லாரையும் பார்த்து. பிறகு எல்னாவைப் பார்த்து, “உனக்குத் தனியா சொல்லச் சொன்னா. அவளே ஒருநாள் போன் பண்ணுவாளாம்.”

எல்னாவின் முகம் அப்போது எப்படி ஆனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. தட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் காபியும் கசப்புச் சாராயமும் குடித்து முடிக்கும்வரை அவள் வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் கூடத்துக்கு வந்தாள். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள். “அவ இல்லைன்னு சொல்லலை பிரெபன்! நான் எந்தப் பாட்டும் எழுதலையேன்னு அவ சொல்லியிருக்கலாம். சொல்லலை. என்னைக் காட்டிக் கொடுக்கலை. எனக்காகப் பொய் சொல்லியிருக்கா!” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “பண்ணுவா. அவளே பண்ணுவா.”

அதன்பிறகு எல்னா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வேலைக்குப் போகிற பெண் ஞாயிற்றுக்கிழமைதானே பேசுவாள்? ஊர் சேர்ந்து போன பஸ் பயணத்துக்கு வரவில்லை. என் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் விருந்து ஞாயிற்றுக்கிழமை என்பதால், பாட்டுத் தாளை மட்டும் அமைத்துக் கொடுத்துவிட்டு வராமல் இருந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. சொல்லவும் செய்தேன்.

“நான் வெளிய போன நேரம் பாத்து அவ கூப்பிட்டா?” என்றாள். அதற்குமேல் என்ன பேசுவது? நடையில் போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, பின்னலோடு உட்கார்ந்திருப்பாள். அந்த வழியாகப் போகும்போது கண்ணாடியில் தெரிவாள். நான் கையை ஆட்டுவேன், அவள் ஊசியை ஆட்டுவாள். இப்படி இருபது மாதம்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, கடையில் வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்க ஆராதனைக்குத் தாள் அமைக்க வேண்டும். வேறு யார் செய்வது? எல்னாவின் படம் தேடி, படுக்கையறையில் இருந்த அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஐலர் பின்னால் நின்றான். படங்களுக்கு நடுவே ‘டோரிட் ஐம்பது’ என்று ஒரு கோப்பு இருந்தது. மே மாதம் டோரிட்டுக்கு ஐம்பது வயது.

திறந்தேன். ஒன்பது சரணம், ஒவ்வொன்றும் பதமாக, யாரையும் சீண்டாமல் எழுதியிருந்தது. முதல் பக்கத்தின் நடுவில் ஒரு முட்டை வடிவ வெள்ளை. அதைச் சுற்றி வரிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி, வளைந்து இறங்கின. உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளையாக இடம் கிடந்தால் பொறுக்காதவள், அவ்வளவு பெரிய இடத்தை அப்படியே விட்டு வைத்திருந்தாள். நடுவில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘இப்போது எடுத்த படம். டோரிட் போன் செய்யும்போது கேட்க வேண்டும்.’

ஐலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அதைப் படித்தான். பிறகு படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“அந்த நம்பர் உபயோகத்துல இல்லைடா பிரெபன்” என்றான்.

“எந்த நம்பர்?”

“அன்னைக்குக் காலையில. ஒரு மெஷின் குரல்தான் பேசிச்சு, இந்த நம்பர் இல்லைன்னு. திரும்பத் திரும்ப அதையே சொல்லிச்சு. நான் அதுகிட்டதான் பேசினேன்.”

நான் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினேன்.

“பாட்டு எல்னா எழுதினதுன்னு அந்தச் சரணத்திலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டோரிட்டுக்கு லாரியில வர ஆசை, ஆனா உடம்புக்கு ஆகாது. ஏறினா பாதி வழியில வாந்தி எடுப்பா. அம்மாகிட்ட சொல்லாதேப்பா, அடுத்த தடவை விட மாட்டாங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. நான் சொன்னதே இல்லை. அவளா இருந்தா பகல் முழுதும் அலுக்கலைன்னு எழுதியிருக்க மாட்டா.” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “எனக்காக இவ்வளவு பண்ணியிருக்காளே, இவளுக்கு நான் என்ன பண்றதுன்னு நினைச்சேன். ஊர் வேற போன் பண்ணு பண்ணுன்னு கத்துது. அந்த நிமிஷம் வாய்ல வந்ததைச் சொன்னேன். அவ அதையே நம்பி உட்கார்ந்துட்டா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த நாற்காலில அவளைப் பாத்துக்கிட்டே போவேன். இன்னைக்குச் சொல்லிடலாம், அடுத்த வாரம் சொல்லிடலாம்னு… சொல்லியிருந்தா பஸ்ஸுல போயிருப்பா. உன் விருந்துக்கு வந்து ஆடியிருப்பா. சொல்லுடா, நான் பண்ணினது தப்பா?”

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. அவள் கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்ட அன்று, இப்படி நம்பாதே என்று நானாவது சொல்லியிருக்கலாம்.

“அந்தப் பாட்டையும் ஒண்ணே ஒண்ணு அடி” என்றான் கடைசியில். “அந்த வெள்ளையை மூடிடாத. அப்படியே இருக்கட்டும்.”

பாதிரியார் எங்கெங்கோ விசாரித்து டோரிட்டின் முகவரியைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டிருந்தார். அடக்கத்துக்கு அவள் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்தாள். நான் அமைத்த தாளில் எல்னாவின் படத்தைச் சுற்றி எண்பது புள்ளி வைத்திருந்தேன். மூன்று நாள் ஆனது எனக்கு. ஆனாலும் ஒரு எழுத்து அவள் காதைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது.

பிறகு கூடத்தில் காபியும் பன்னும். ஐலர் உள்பையிலிருந்து அந்த ஒற்றைத் தாளை எடுத்து மகள்முன் வைத்தான். “அம்மா உனக்கு எழுதினது. மே மாசத்துக்கு.”

அவள் ஒன்பது சரணத்தையும் மெதுவாகப் படித்தாள். எங்காவது ஒரு பெட்டி இருக்கிறதா என்று தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. இல்லை. பிறகு நடுவில் இருந்த வெள்ளையில் விரலை வைத்து, அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள். அவளுக்குப் புரியவில்லை.

“நான் போன் பண்றேன்னு எப்பப்பா சொன்னேன்?” என்றாள்.

ஐலர் என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன். சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருந்தது, அன்று கைதட்டிய அதே ஆட்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

“நீ சொல்லலைம்மா” என்றான். “நான் சொன்னேன்.”